ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்பியல், வேதியியல்: சேலத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் கேட்பவை

சேலத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இயற்பியலும் வேதியியலும் எடுக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்து முதல் பெற்றோர் கூட்டம் முடிவதற்குள் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் கேட்பவை வேறு. அவை மணி அடித்த பிறகு, வராந்தாவில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வரும். இரண்டையும் கலந்து இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்துக்கானவை.

அறிவியல் ஒரே பாடம்தானே, அதில் ஏன் இத்தனை பிரிவு?

மதிப்பெண் பட்டியலில் ஒரே பாடம்தான், புத்தகமும் ஒன்றுதான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 23 அலகுகள். முதல் 6 இயற்பியல், அடுத்த 5 வேதியியல், பிறகு உயிரியல், கடைசியில் கணினிக்கு ஒன்று. சில பள்ளிகளில் ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் எடுப்பார். எங்கள் பள்ளியில் உயிரியலுக்கு வேறொருவர்.

பாடத்துக்கும் 'அலகு' என்று பெயர், மீட்டர், கிலோகிராமுக்கும் 'அலகு' என்றுதான் பெயர். "அலகு எழுதவில்லை" என்று நான் சிவப்பு மையில் எழுதியதைப் பார்த்து, விடைத்தாளின் மேலே 'அலகு 4' என்று பாட எண்ணை எழுதிக்கொண்டு வந்த பையன் ஒருவன் உண்டு. அவன்மேல் தப்பில்லை.

எட்டாவது வரை நன்றாகப் படித்த பிள்ளை ஒன்பதில் ஏன் தடுமாறுகிறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கைப்பேசி, சேர்க்கை, வயசு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பாடத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. எட்டாவது வரை பெரும்பாலான கேள்விகளுக்கு விடை ஒரு வாக்கியம். ஒன்பதில் இருந்து விடை ஓர் எண், அதன் பக்கத்தில் ஓர் அலகு. 'அழுத்தம் என்றால் என்ன?' என்பதற்கு மனப்பாடம் போதும். 'மேட்டூர் அணையில் 120 அடி தண்ணீர் நின்றால் அடியில் எவ்வளவு அழுத்தம்?' என்றால் அடியை மீட்டராக்க வேண்டும் (சுமார் 36.6), தண்ணீரின் அடர்த்தி 1000-ஆலும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஆலும் பெருக்க வேண்டும், கடைசியில் பாஸ்கல் என்று எழுத வேண்டும். விடை ஏறக்குறைய 3,59,000 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல மூன்றரை மடங்கு. அணைச் சுவர் மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் இருப்பது ஏன் என்று அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடமே அளவீடு. வெர்னியர் அளவியில் 0.01 செ.மீ. வரைக்கும், திருகு அளவியில் 0.01 மி.மீ. வரைக்கும் அளக்கலாம். முதல் நாள் வகுப்பில் பாதிப் பேருக்கு வெர்னியர் கோடு எது, முதன்மைக் கோடு எது என்றே தெரியாது. ஒருமுறை ஒரு பையன் மட்டும் திருகு அளவியை வாங்கிய கையோடு வெள்ளிக் கம்பித் துண்டை வைத்து, திருகி, அளவைச் சொல்லிவிட்டான். அவன் வீட்டில் கொலுசுப் பட்டறை. அவன் அதுவரை அறிவியலில் 40 தாண்டாதவன். அந்த வாரம் முழுக்க அவன்தான் வகுப்புக்கு வாத்தியார்.

கணக்கு வராத பிள்ளைக்கு இயற்பியல் வருமா?

வரும். தேவைப்படும் கணக்கு அதிகமில்லை. சமன்பாட்டில் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகத் தெரிய வேண்டும், விகிதம் தெரிய வேண்டும், பத்தின் அடுக்குகள் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இதில் மூன்றாவதுதான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது.

நான் கரண்டு பில்லில் இருந்து ஆரம்பிப்பேன். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். 75 வாட் மின்விசிறி 10 மணி நேரம் ஓடினால் 750 வாட் மணி, முக்கால் யூனிட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். தறி மோட்டார் ஒரு குதிரைத்திறனில் 8 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் ஏறக்குறைய 6 யூனிட். தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை. 'திறன் பெருக்கல் நேரம்' என்று கரும்பலகையில் எழுதியபோது விழித்த அதே பிள்ளைகள்தான்.

எடையும் நிறையும் ஒன்றுதானே?

சந்தையில் ஒன்றுதான். வகுப்பில் இல்லை. '50 கிலோ எடை' என்று எழுதினால் மதிப்பெண் போகும். 50 கிலோ என்பது நிறை. எடை என்பது பூமி உங்களை இழுக்கும் விசை, 50-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 490 நியூட்டன்.

இதை ஏற்காட்டை வைத்துச் சொன்னால் மறக்காது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் நகரம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் கூடக்கூடப் புவியீர்ப்பு முடுக்கம் குறையும் என்று புத்தகம் சொல்கிறது. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 50 கிலோ ஆள் ஒருவர் மேலே போய் வில் தராசில் நின்றால் ஏறக்குறைய 20 கிராம் குறைவாகக் காட்டும். உடனே ஒரு பிள்ளை எழுந்து, "அப்போ மலையில மிளகு வாங்கினா லாபமா டீச்சர்?" என்று கேட்கும். இல்லை. இரண்டு தட்டுத் தராசில் படிக்கல்லும் அதே விகிதத்தில் குறையும், தராசு ஏமாறாது. எந்தத் தராசு ஏமாறும், எது ஏமாறாது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்துக்காகக் காத்திருப்பேன்.

ஏற்காட்டில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? (மலைக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் கேட்டது)

மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். கொதித்த பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். 95 டிகிரியில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். குக்கர் அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்துகிறது. அந்தப் பெண் யோசித்துவிட்டு, "அப்போ எங்கம்மா விறகு வச்சிக்கிட்டே இருக்கறது வேஸ்டா டீச்சர்?" என்றாள். கொதி வந்ததும் தீயைக் குறைத்தாலும் அதே நேரத்தில்தான் வேகும் என்றேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து, வீட்டில் செய்து பார்த்ததாகச் சொன்னாள். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். கடிகாரம் பார்க்கவில்லையாம்.

நியூட்டன் விதிகள் கஷ்டமா?

விதிகள் எளிது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஒருமுறை போய்வந்தால் நிலைமத்தின் மூன்று வகையும் உடம்பில் பட்டுவிடும். பேருந்து எடுக்கும்போது பின்னால் சாய்வது ஓய்வில் நிலைமம். பிரேக் போடும்போது முன்னால் விழுவது இயக்கத்தில் நிலைமம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பக்கத்து ஆள்மேல் சரிவது திசையில் நிலைமம். மூன்றாவது விதியில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். விசையும் எதிர்விசையும் சமமென்றால் வண்டி எப்படி நகர்கிறது என்று கேட்பார்கள். இரண்டும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுகின்றன. மாட்டை வண்டி இழுக்கிறது, வண்டியை மாடு இழுக்கிறது. தனித்தனிப் படம் போட்டு அம்புக்குறி வரைய வைத்தால் சரியாகிவிடும்.

ஒளியியல் பாடத்தில் சிதறல் நான்கு வகை வருகிறது, எப்படி நினைவு வைப்பது?

நாலையும் ஒரு அட்டவணையாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் இடம் மாறிப்போகும். மூன்றை இங்கேயே பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்த நாளில், நகரத்திலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை நீலமாகத் தெரியும். நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்று மூலக்கூறுகள் குறைந்த அலைநீள ஒளியை அதிகம் சிதறவிடுகின்றன, அது ராலே. மலைமேல் உட்கார்ந்திருக்கும் மேகம் வெள்ளையாக இருப்பது மீ சிதறல், அங்கே நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறவிடும். டிசம்பர் பனியில் ஏற்காட்டுச் சாலையில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கு ஒளி ஒரு தடி போலத் தெரிகிறதே, அது டிண்டால். நாலாவது இராமன் சிதறல், அதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. அதை மட்டும் படித்துத்தான் ஆக வேண்டும்.

வேதிச் சமன்பாடுகளை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது, தேவையும் இல்லை. வேதியியலுக்கு இவ்வளவு வசதியான ஊர் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது பாடம் என்றே தெரிவதில்லை.

நகரத்துக்கும் மலைக்கும் நடுவே வெள்ளையாகத் தெரியும் மேடுகள் இருக்கின்றன. ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள், புத்தகத்தில் மேக்னசைட், வேதியியலில் மக்னீசியம் கார்பனேட். இதைச் சூளையில் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். புத்தகத்தில் 'வெப்பச் சிதைவு வினை' என்று இருப்பது இதே வகைதான். அங்கே உதாரணமாக வேறொரு கார்பனேட் இருக்கும், வினை ஒன்றே.

இப்போது மோல் கணக்கு. அணு நிறைகளைப் போடுவோம்: மக்னீசியம் 24, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று சேர்ந்து 48. மொத்தம் 84. சுட்ட பிறகு மக்னீசியம் ஆக்சைடு 40, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 44. நாற்பதும் நாற்பத்து நாலும் சேர்ந்தால் எண்பத்து நாலு. நிறை அழியா விதி என்று தனியாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. தூய கல் ஒரு டன் சூளைக்குள் போனால் சுமார் 476 கிலோதான் திரும்பி வரும். மீதி 524 கிலோ புகையோடு போய்விடும். லாரி ஓட்டும் அப்பா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அதுதானா, சுட்ட கல்லு லோடு ஏத்தினா வண்டி லேசா இருக்கும்" என்றார். அதே அளவு கல்லுக்கு ஏன் லேசாக இருக்கிறது என்று அவர் இத்தனை வருடம் யோசித்திருக்கிறார். மகன் சொல்லித் தந்திருக்கிறான்.

சுட்டது எதற்கு? மக்னீசியம் ஆக்சைடின் உருகுநிலை 2,800 டிகிரிக்கு மேல். இரும்பு உருகுவது 1,538-இல். அதனால்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு இதில் செய்த செங்கல். அயனிப் பிணைப்பு வலிமையானது, அயனிச் சேர்மங்களுக்கு உருகுநிலை அதிகம் என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு வரி வரும். அந்த வரி இதுதான்.

உலோகவியல் பகுதி வறட்சியாக இருக்கிறதே?

உண்மை. பேயர் முறை, ஹால் முறை என்று பெயர்களாக வரும். ஏற்காட்டு மலைமேல் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் ஈரம் வரும். பாக்சைட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து அலுமினா எடுப்பது பேயர் முறை. அந்த அலுமினாவைக் கிரையோலைட்டோடு உருக்கி மின்னாற்பகுப்பு செய்வது ஹால் முறை. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டு 100 யூனிட்டில் ஏறக்குறைய ஏழு கிலோதான் தேறும். உருக்காலை ஏன் மின்சாரம் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறது என்பதற்கு இது போதும்.

கஞ்சமலைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு காந்தத்தைக் கொடுத்து ஓடை மணலில் இழுத்துவரச் சொல்வேன். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது மேக்னடைட், இரும்புத் தாது. தாளில் தட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் காந்தப் புலக் கோடுகளும் பார்க்கலாம். இரும்புத் தூள் வாங்கும் செலவு மிச்சம். கொலுசு ஏன் கறுக்கிறது என்பதும் இதோடு வரும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. துரு இல்லை, ஆனால் அரிமானம்தான்.

செய்முறையில் என்ன நடக்கும்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. இயற்பியலில் திருப்புத்திறன்களின் தத்துவத்தை வைத்து ஒரு பொருளின் எடையைக் காண்பது, குவிலென்சின் குவியத் தொலைவு, கம்பியின் மின்தடை எண். வேதியியலில் உப்பின் கரைதிறன், உப்பைக் கரைக்கும்போது சூடாகிறதா குளிர்கிறதா என்பது, உப்பில் நீர் இருக்கிறதா என்பது, கொடுத்த கரைசல் அமிலமா காரமா என்பது.

பிள்ளைகளுக்குப் பிடித்தது மயில்துத்தம். நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கினால் வெள்ளைப் பொடியாகும், குழாயின் மேல்பக்கம் நீர்த்துளி கட்டும். ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். ஒரு மூலக்கூறு காப்பர் சல்பேட்டோடு ஐந்து நீர் மூலக்கூறுகள் இருந்தன, போயின, திரும்பி வந்தன. எத்தனை முறை பார்த்தாலும் பின்பெஞ்சுக்காரர்கள் எழுந்து முன்னால் வருவார்கள்.

எனக்குப் பிடித்தது குவிலென்ஸ். எங்கள் ஆய்வக ஜன்னல் வடக்கே பார்த்திருக்கிறது. லென்ஸைத் தாங்கியில் மாட்டி, பின்னால் வெள்ளைத் திரையை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் இடத்தில் சேர்வராயன் மலை உள்ளங்கை அளவுக்குத் தலைகீழாக வந்து நிற்கும். அங்கிருந்து லென்ஸ் வரை உள்ள தூரம்தான் குவியத் தொலைவு. தொலைப்பொருள் முறை என்று பெயர்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் பழைய லென்ஸ்களில் கீறல் விழுந்துவிட்டது என்று வேறு பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்தேன். பழையவை 15 செ.மீ., புதியவை 20. பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிட்டேன். அன்று மாலை நோட்டுகளைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாரும் 15.1, 14.9, 15 என்று எழுதியிருக்கிறார்கள். முந்தைய வருடத்து ரெக்கார்டு நோட்டு வீட்டுக்கு வீடு சுற்றியிருக்கிறது. அளந்தார்களா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒரே ஒரு நோட்டில் 15-க்கு அடியில் ரப்பர் வைத்து அழித்த தடம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 20.2 என்று இருந்தது. அந்தப் பெண் சரியாக அளந்திருக்கிறாள், பக்கத்து நோட்டைப் பார்த்துப் பயந்து அழித்திருக்கிறாள். அழித்த எண்ணுக்கு முழு மதிப்பெண் போட்டேன். மற்றவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 15 வந்தால் 'குட்', வராவிட்டால் 'மறுபடி செய்' என்று அத்தனை வருடம் பழக்கியது நான்தானே.

இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு லென்ஸ் கொடுக்கிறேன். எந்தக் குழுவுக்கு எது என்று என் நோட்டில் மட்டும் இருக்கும். முதல் முறை அளந்ததைப் பேனாவில் எழுத வேண்டும். அழிக்கக்கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். கம்பியின் மின்தடை எண்ணிலும் இதே கதைதான். அளவு மாறினால் ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதினால் போதும். கம்பி சூடாகியிருக்கும், இணைப்பு தளர்ந்திருக்கும்.

ஆய்வகத்தில் ஆபத்து உண்டா?

கவனமாக இருந்தால் சமையலறை அளவுக்குத்தான். அமிலத்தைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது வாய்ப்பக்கம் யார் முகத்துக்கும் நேராக இருக்கக்கூடாது. முகர்ந்து பார்க்கச் சொன்னால் மூக்கை உள்ளே விடாமல் கையால் காற்றை வீசி முகர வேண்டும். துப்பட்டாவைப் பின் குத்தி, ஜடையை முடிந்துகொண்டு வர வேண்டும். எதையும் ருசி பார்க்கக்கூடாது, சர்க்கரை என்று எழுதியிருந்தாலும்.

தமிழ் வழி நல்லதா, ஆங்கில வழி நல்லதா?

எந்த வழியில் பிள்ளை கேள்வி கேட்கிறதோ அது. ஆங்கில வழியில் மொமென்டம் என்று சரியாக எழுதிவிட்டு அது என்னவென்று சொல்லத் தெரியாதவர்களைப் பார்க்கிறேன். தமிழ் வழியில் 'உந்தம்' என்றால் உந்துவது என்று பாதி அர்த்தம் சொல்லிலேயே கிடைத்துவிடும். முடுக்கம், குவியம், கரைதிறன் எல்லாம் அப்படித்தான். ஆனால் பதினொன்றில் வழி மாறுகிறவர்கள் உண்டு. அதனால் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு இரு மொழிச் சொற்களையும் எழுதிவைக்கச் சொல்வேன். தினம் ஐந்து சொல் போதும்.

பொதுத் தேர்வு எப்படி இருக்கும்? பாஸ் எவ்வளவு?

75 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் 10 இருக்கும், 7 எழுத வேண்டும். நான்கு மதிப்பெண்ணும் அதேபோல் 10-இல் 7. ஏழு மதிப்பெண் 3, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. 22-ஆவதும் 32-ஆவதும் கட்டாய வினாக்கள், கணக்கு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35.

புக் பேக் கேள்விகள் போதுமா என்று கேட்பீர்கள். தேர்ச்சிக்குப் போதும். சென்டத்துக்குப் போதாது, பாடத்தின் உள்ளே இருக்கும் பெட்டிச் செய்திகளையும் தீர்க்கப்பட்ட கணக்குகளையும் பார்க்க வேண்டும். அலகு போடாமல் விட்டால் அரை மதிப்பெண் வீதம் போய்க்கொண்டே இருக்கும். திருத்தும்போது எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

டியூஷன் வைக்கலாமா? கைடு வாங்கலாமா?

கைடு வேண்டாம். டியூஷன் அவரவர் வசதி. காலை ஐந்தரைக்கு எழுந்து டியூஷன் போய்விட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் நஷ்டம்.

"நான் ஏழாவதோட நின்னவ டீச்சர். வீட்டுல எப்படிங்க சொல்லித் தர்றது?"

சொல்லித் தர வேண்டாங்க. கேட்டால் போதும். ஈ.பி. மீட்டரைப் பிள்ளையையே படிக்கச் சொல்லி, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் எத்தனை கூடியது என்று கேளுங்கள். சேலையில் மஞ்சள் கறை சோப்பு பட்டதும் ஏன் சிவக்கிறது என்று கேளுங்கள். அது நிறங்காட்டி, காரம் பட்டால் நிறம் மாறும், ஆய்வகத்தில் பினாப்தலீன் செய்யும் அதே வேலை. மரவள்ளிக் கிழங்கு மாவு மில்லில் வேலை செய்கிறவர்களாக இருந்தால், மாவுப்பால் தொட்டியில் ஏன் அடியில் படிகிறது, சர்க்கரைத் தண்ணீரில் சர்க்கரை ஏன் படிவதில்லை என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் தொங்கல், உண்மைக் கரைசல் என்று இரண்டு சொற்கள் வரும். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை என்றால் மறுநாள் என்னிடம் வரட்டும்.

அணுக்கரு இயற்பியல் பாடத்தை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பயமுறுத்தும் பெயரோடு வரும் சுலபமான பாடம். ஆல்ஃபா, பீட்டா, காமா வேறுபாட்டு அட்டவணை ஒன்று, சிதைவுச் சமன்பாட்டில் எண்களைக் கூட்டிக் கழிப்பது ஒன்று. ஒரு மணி நேரத்தில் முடியும்.

பத்துக்கு அப்புறம் என்ன?

பதினொன்றில் இயற்பியலும் வேதியியலும் தனித்தனிப் பாடங்களாகிவிடும். தலா 100, அதில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. உயிரியலோடு கணிதம் எடுத்தாலும், கணினி அறிவியலோடு கணிதம் எடுத்தாலும் இந்த இரண்டும் கூடவே வரும். கையால் செய்வதில் பிரியம் உள்ள பிள்ளை என்றால் பத்து முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ, அல்லது ஐ.டி.ஐ. போகலாம். அந்தக் கொலுசுப் பட்டறைப் பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் போனான். அவன் அப்பாவுக்கு வருத்தம், பட்டறையை யார் பார்ப்பது என்று.

செய்முறைத் தேர்வு அன்று என்ன கொண்டுவர வேண்டும்?

கையொப்பம் வாங்கிய ரெக்கார்டு நோட்டு, இரண்டு நீலப் பேனா, படம் வரையப் பென்சில், 30 செ.மீ. ஸ்கேல். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் வேண்டாம், லென்ஸ் தூரத்துக்குப் பத்தாது. ரப்பரைப் படத்துக்கு மட்டும் எடுங்கள்.